தண்டம் யாருக்கு? கட்டாயக் கல்வியின் நூறாண்டும் அய்யனார் கோவில் அடிவாரமும்



அபராதம் என்கிற சொல் நீதிமன்றத்திலிருந்து நம் தெருவுக்கு வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே நம் தெருவில் இருந்த சொல் தண்டம். ஊர்க்கூட்டம் போட்டுச் சேரிக்காரனைக் கைகட்டி நிற்கவைத்து விதித்தது தண்டம். செருப்புப் போட்டு நடந்ததற்குத் தண்டம், தோளில் துண்டு போட்டதற்குத் தண்டம், செத்த மாட்டைத் தூக்க மறுத்ததற்குத் தண்டம். கட்ட முடியாதவன் ஊரைக் கும்பிட்டு விழுந்து எழ வேண்டும். இந்தச் சொல்லின் நெடியோடுதான், பள்ளிப் பருவத்தில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் பெற்றோருக்கு அபராதம் போடலாமா என்கிற கேள்வியை இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி புதிதல்ல. அவ்வப்போது யாராவது ஒருவர் இதை எழுப்புகிறார். "சத்துணவு போட்டாச்சு, காலை உணவும் போட்டாச்சு, புத்தகம், சைக்கிள், சீருடை எல்லாம் கொடுத்தாச்சு. இதற்கு மேலும் அனுப்பாதவர்களுக்கு அபராதம் போட்டால்தான் புத்தி வரும்" என்று பேசுகிறவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். முதல் தலைமுறையாகப் படித்து வேலைக்கு வந்த நம் தோழர்கள் சிலரே இப்படிச் சொல்லும்போது அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது.

அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் மகாத்மா ஜோதிராவ் பூலே. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு அவர் கொடுத்த மனுவில் தொடக்கக் கல்வியைக் குறைந்தது 12 வயது வரைக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டார். அதே மனுவில் இன்னொன்றையும் எழுதினார். உழைக்கும் சாதிகளின் பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்கு அவர்களின் வறுமை காரணம், மாடு மேய்க்கவும் காடு பார்க்கவும் பெற்றோருக்குப் பிள்ளையின் கை தேவைப்படுகிறது, எனவே உதவித்தொகையும் பரிசும் கொடுத்து அழைக்க வேண்டும் என்றார். மகர், மாங் பிள்ளைகளை மற்றவர்களோடு உட்காரவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். கட்டாயம், வறுமை, தீண்டாமை ஆகிய மூன்றும் ஒரே மனுவில் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. பின்னால் வந்த சட்டங்கள் முதலாவதை மட்டும் உருவி எடுத்துக்கொண்டன என்பது எங்கள் வாசிப்பு.

இந்தியாவில் கட்டாயக் கல்வியை முதலில் நடைமுறைப்படுத்தியது பரோடா சமஸ்தானம். சாயாஜிராவ் கெய்க்வாட் 1893இல் அம்ரேலியில் சோதித்துப் பார்த்து, 1906இல் சமஸ்தானம் முழுவதற்கும் விரித்தார். அண்ணல் அம்பேத்கரை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியதும் இதே பரோடாதான். அங்கே பெற்றோர் மீதான அபராதம் ஏட்டில் உறங்கவில்லை, உண்மையாகவே வசூலிக்கப்பட்டது. அடுத்து கோலாப்பூர். சாகு மகாராஜ் 1917இல் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வியை அறிவித்தபோது, பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு மாதம் ஒரு ரூபாய் தண்டம் வைத்தார். ஆகவே அபராதம் என்றாலே அது ஆதிக்கச் சாதியின் சூழ்ச்சி என்று நாம் எளிதாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. நம் பக்கம் நின்ற மன்னரே அதை வைத்திருக்கிறார்.

ஆனால் சாகு அதோடு நிற்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1919இல், தீண்டப்படாதோருக்கான தனிப்பள்ளிகளை மூடிவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் பொதுப்பள்ளியில் சேர்க்க ஆணையிட்டார். விடுதிகள் கட்டினார். படித்தவனுக்கு வேலையில் இடஒதுக்கீடு 1902இலேயே கொடுத்திருந்தார். கதவைத் திறந்து, உள்ளே உட்கார இடம் கொடுத்து, படித்து முடித்தால் போவதற்கு ஒரு வழியும் காட்டிவிட்டு, அதன் பிறகு வராதவனை ஏன் வரவில்லை என்று கேட்ட அபராதம் அது. கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு விதிக்கிற அபராதத்தை இதோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

சாத்தியவர்கள் யார் என்பதற்கு 1911-12இல் நடந்த விவாதம் நல்ல சான்று. கோகலே 1911 மார்ச்சில் மத்திய சட்டசபையில் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். ரொம்பவும் அடக்கமான மசோதா. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் உள்ளாட்சி அமைப்பு விரும்பினால் மட்டும் கட்டாயம். அனுப்பாத பெற்றோருக்குச் சிறு அபராதம் அதில் இருந்தது. தர்பங்கா மகாராஜா பெரும் நிலக்கிழார்கள் 11,000 பேரிடம் மசோதாவுக்கு எதிராகக் கையெழுத்து வாங்கினார். எல்லாப் பையன்களும் பள்ளிக்குப் போய்விட்டால் எங்கள் நிலத்தில் வேலை செய்வது யார் என்பதுதான் அவர்களின் கவலை. 1912 மார்ச்சில் 13க்கு எதிராக 38 வாக்குகளில் மசோதா தோற்றது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பிடித்து வைத்திருந்தது யார் என்பதை அந்தக் கையெழுத்துக்காரர்கள் தாங்களே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய வாக்குமூலம் நமக்கு வேண்டியதில்லை.

சென்னை மாகாணத்துக்கு வருவோம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர் நிலைமை குறித்து எழுதிய குறிப்பும், அதையொட்டி 1893இல் வந்த பஞ்சமர் கல்வி அரசாணையும் நீங்கள் அறிந்தவை. 1894இல் கர்னல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனும் இதே காலத்தில் கல்வியை முதன்மைக் கோரிக்கையாக வைத்தார்கள். 1920இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், எட்டாம் எண் சட்டம், வந்தது. உள்ளாட்சி மன்றம் அரசின் ஒப்புதல் பெற்றுத் தன் எல்லைக்குள் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரலாம், பிள்ளையை அனுப்பாத பெற்றோரை அபராதத்துக்கு உள்ளாக்கலாம் என்றது அச்சட்டம். "கொண்டுவரலாம்", "உள்ளாக்கலாம்" என்ற 'லாம்' விகுதியை மட்டும் கவனியுங்கள். மன்றங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த 'லாம்' பல ஊர்களில் 'லாம்' ஆகவே கிடந்து முடிந்தது.

அடுத்துச் சொல்லப்போவது நம் மாவட்டத்துக் கதை. இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை; இன்றைய விருதுநகர் மாவட்டம் அதன் பிறகு பிறந்தது. அந்தப் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. 1931 ஜூனில் அவை பதினொன்றாயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இந்தப் பட்டியலைப் பதிந்து வைத்திருக்கிறார். நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, சொந்த நிலம் வைத்து உழக்கூடாது என்று அது போகும். அதில் ஒரு தடை, ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது என்பது. அதற்கு அடுத்தது, அந்தப் பிள்ளைகள் மிராசுதாரரின் மாடுகளை மட்டும் மேய்க்க வேண்டும் என்பது. மீறினால் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடு கொள்ளை போனது.

1920இன் சட்டத்தையும் 1931இன் தடையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்காரின் ஏட்டில், பிள்ளையை அனுப்பாவிட்டால் அபராதம். ஊரின் கட்டளையில், பிள்ளையை அனுப்பினால் தண்டம். ஏட்டு அபராதம் அந்தத் தெருக்களுக்கு வந்து சேரவில்லை. தீ வந்து சேர்ந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற ஒரு தகப்பன், மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி மாட்டுக்குப் பின்னால் அனுப்பினான் என்றால், அதை "அறியாமை", "கல்வியில் நாட்டமின்மை" என்று அறிக்கையில் எழுதிய அதிகாரிகள் இருந்தார்கள். இன்றும் அந்தச் சொற்கள் உயிரோடு இருக்கின்றன. 'பெற்றோரின் அக்கறையின்மை' என்பது அவற்றின் இன்றைய பெயர்.

பண்ணையாள் முறையில் பிள்ளையின் உழைப்பு தனியாகக் கணக்கில் வராது. தகப்பன் வாங்கிய கடனில் மகன் மாடு மேய்ப்பதும் மகள் சாணி அள்ளுவதும் அடக்கம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்றால் பண்ணையோடு செய்த ஒப்பந்தத்தை முறிப்பது என்று பொருள். எனவே திருவிதாங்கூரில் அய்யன்காளி எடுத்த வழி எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது, எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குள் போகும் வரை உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்று அறிவித்து வேலைநிறுத்தம் செய்யவைத்தார். அங்கே தண்டம் கட்டியது நிலக்காரர். இந்தியாவில் கல்விக்காக முதலாளியிடம் வசூலிக்கப்பட்ட முதல் அபராதம் என்று இதை நாங்கள் சொல்வதுண்டு. ஊரூட்டம்பலத்தில் ஒரு புலையச் சிறுமியை அய்யன்காளி அழைத்துக்கொண்டு போய் வகுப்பில் உட்காரவைத்தபோது ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு போகிற பெற்றோர் என்றவுடனே நம் மனக்கண்ணில் ஒரு கூலிக்குடும்பம்தான் வருகிறது. ஆனால் இந்திய வரலாற்றில் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்தவர்கள் சாதி இந்துக்கள். சேரிப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் எங்கள் பிள்ளை வராது என்று எடுத்தார்கள். குஜராத்தின் கவிதா கிராமத்தில், பொதுப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் உரிமையை வலியுறுத்தியதற்காகத் தீண்டப்படாதோரை ஊரே ஒடுக்கிய கொடுமையை அம்பேத்கர் 1936இல் சாதி ஒழிப்பு உரையில் குறிப்பிடுகிறார். பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்க வந்தபோது, அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று பெற்றோர் போராடினார்கள். வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிந்தது தனிக்கதை. ஆனால் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அபராதப் பிரிவை இந்தப் பெற்றோர் மீது யாராவது நீட்டினார்களா? அந்தப் பிரிவை எழுதியவர்களின் கற்பனையில் இப்படி ஒரு பெற்றோர் இருக்கவே இல்லை.

இப்போது மேற்கே நடப்போம். இராசபாளையத்திலிருந்து மலையைப் பார்த்துப் போகிற சாலை மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் தாண்டி, நகரத்துக்குக் குடிநீர் தருகிற ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தைக் கடந்து, நீர்காத்த அய்யனார் கோவிலுக்குப் போகிறது. ஆற்றில் தண்ணீர் வந்தால் நகரமே திரண்டு வந்து குளிக்கிறது, பொங்கல் வைக்கிறது, கிடா வெட்டுகிறது. அந்த அடிவாரத்தில் பளியர் குடியிருப்பு இருக்கிறது. இங்கிருந்து வடக்கே செண்பகத்தோப்பு, தாணிப்பாறை என்று திருவில்லிபுத்தூர் மலையடிவாரம் நெடுகப் பளியர்கள் இருக்கிறார்கள். காட்டுக்குள் இருந்தவர்கள் அடிவாரத்துக்கு வந்தார்கள் அல்லது வரவழைக்கப்பட்டார்கள். 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. 2021இல் திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. அணிலுக்கும் புலிக்கும் எல்லை வரைந்தாயிற்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அந்த மக்களுக்கு வரைய வேண்டிய எல்லைதான் இழுத்துக்கொண்டே போகிறது.

தேன் எடுக்கிற காலம், நெல்லி பறிக்கிற காலம், மாங்காய்க் காவல் காலம் என்று அவர்களின் ஆண்டு ஓடுகிறது. பள்ளியின் ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. இந்த இரண்டு நாட்காட்டிகளும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. தேன் காலத்தில் குடும்பமாக மலையேறிப் பாறைப் பொடவில் தங்கும்போது பிள்ளையும் போகிறது. பதிவேட்டில் அது 'வரவில்லை'. சில வாரம் போனால் 'நீண்ட நாள் வராதவர்'. அப்புறம் 'இடைநின்றவர்'.

1960களின் தொடக்கத்தில் இந்த மலைகளின் பளியரோடு தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், பளியர் சமூகத்தில் ஒருவர் இன்னொருவருக்கு ஆணையிடுவது இழிவாகக் கருதப்படுகிறது என்று எழுதியிருக்கிறார். சண்டை வந்தால் விலகிப் போவார்கள். சிறு வயதிலேயே பிள்ளை தன் விருப்பப்படி நடக்கும் உரிமை பெற்றுவிடுகிறது. அப்படியான ஒரு தகப்பனிடம் போய், உன் மகனைப் பள்ளிக்குப் போகும்படி நீ ஏன் கட்டாயப்படுத்தவில்லை, கட்டு அபராதம் என்றால் அவருக்கு அது என்னவாகப் புரியும்? பிள்ளையைப் பெற்றோர் அதட்டி ஓட்ட வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் அடித்தளம். அந்த அடித்தளம் நம் வீடுகளில் இருக்கிறது; அங்கே இல்லை. இதைச் சாக்காக வைத்து, பளியருக்குப் படிப்பு ஒத்துவராது, அவர்களை அப்படியே விட்டுவிடுங்கள் என்று காட்டைப் புகழ்கிற கனவான்களும் உண்டு. அவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. பத்தாம் வகுப்பு முடித்த பளியப் பிள்ளை பழங்குடிச் சாதிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்து, கிடைக்காமல், மேலே படிக்க வழியின்றித் தோப்புக் காவலுக்குத் திரும்புகிறது. அந்த இடத்தில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது சான்றிதழ் தராத மேசை.

நாட்காட்டி பற்றி ஒரு சிறு விஷயம். ஆடிப்பூரத்துக்குத் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் ஓடும்போது மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். கலெக்டர் கையெழுத்துப் போட்டதும் அத்தனை பிள்ளைகளின் வராமையும் விடுமுறையாகிவிடுகிறது. தேரை நாங்கள் குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஒருநாள் கிடைத்தால் நல்லதுதான். யாருடைய காலம் அரசின் காலமாகிறது, யாருடைய காலம் குற்றமாகிறது என்று மட்டும் கேட்கிறோம்.

இங்கிலாந்தில் நடந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். 1880இல் அங்கே பள்ளி வருகை கட்டாயமானது. வருகை அதிகாரிகள் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். கட்டியவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்கள். ஆனால் கென்ட் பகுதியில் பீருக்கான ஹாப் கொடியின் பூ பறிக்கும் பருவத்தில் ஏழைக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு கிளம்பிவிடும் என்பதால் அந்த வட்டாரப் பள்ளிகள் விடுமுறையையே அந்தப் பருவத்துக்குத் தள்ளிவைத்தன. பறிப்பு தோட்டக்காரருக்குத் தேவை, எனவே நாட்காட்டி வளைந்தது. இன்று அதே நாட்டில், பள்ளி நாளில் சுற்றுலா போகிற பெற்றோருக்கு அபராதம். 2015இல் மகளை அமெரிக்காவின் டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப்போன ஜான் பிளாட் என்பவருக்கு 60 பவுண்டு விதிக்கப்பட்டு, அவர் மறுத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2017 ஏப்ரலில் அவருக்கு எதிராகத் தீர்ப்பானது. 2024 ஆகஸ்டு முதல் அந்தத் தொகை 80 பவுண்டு. பள்ளி விடுமுறையில் விமானக் கட்டணம் ஏறிவிடுகிறது என்பது அங்கத்துப் பெற்றோரின் வாதம். நம் ஊரில் பிள்ளையோடு புறப்படுகிற குடும்பம் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போகிறது. முன்பணம் வாங்கியாயிற்று, தை பிறந்தால் கிளம்ப வேண்டும், மழைக்கு முன் திரும்ப வேண்டும். பரீட்சை நடுவில் வருகிறது. 'பள்ளிப் பருவத்தில் பிள்ளையை எடுப்பது' என்கிற அதே சொற்றொடருக்குள் டிஸ்னியும் சூளையும் அடங்கிவிடுவதுதான் சட்டமொழியின் வசதி.

நம் மாவட்டத்துக்குச் சூளையைவிட நெருக்கமானது தீப்பெட்டி ஆபீஸ். சிவகாசி, சாத்தூர் சுற்றுவட்டாரத்தில் விடியுமுன் வண்டி வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலத்தை இந்த அரங்கில் இருக்கிற பலர் நேரில் பார்த்திருக்கிறார்கள். சிலர் அந்த வண்டியில் போயிருக்கிறார்கள். கட்டை அடுக்கிய விரல்கள் இங்கே இருக்கின்றன. 1983இல் ஸ்மித்து கோத்தாரி இதை எழுதி நாடறியச் செய்தார். 1990இல் சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் வந்தது. 1920 முதல் சென்னை மாகாணத்தில் அபராதப் பிரிவு இருந்தும், அந்த வண்டி ஒருநாளும் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எம்.சி.மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தர வேண்டும். முடியாவிட்டால் 5,000 ரூபாய் போட வேண்டும். அதன் வட்டி குடும்பத்துக்குப் போகும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் அந்த உதவி நின்றுவிடும். பெற்றோர் மீதும் ஒரு கண்டிப்பு இதில் இருக்கிறது, ஆனால் வரிசையைப் பாருங்கள்: முதலில் முதலாளி, பிறகு அரசு, கடைசியில் பெற்றோர். அதுவும் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு. பூலேயின் மனுவுக்கு இந்திய நீதித்துறை மிக அருகில் வந்த நாள் அதுதான் என்று சொல்வோம். அந்த 20,000 எத்தனை முதலாளிகளிடம் உண்மையில் வசூலானது என்பது வேறு விஷயம். நம் மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

அண்ணல் இதை முன்பே பார்த்திருந்தார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், இலவசக் கட்டாயக் கல்வியைத் தொடக்கக் கல்வியோடு சுருக்கிவிடலாம் என்ற திருத்தம் வந்தபோது அவர் மறுத்தார். 14 வயதுக்குக் கீழே பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது என்று இன்னொரு பிரிவில் எழுதியிருக்கிறோம், வேலைக்குப் போகாத அந்தப் பிள்ளை ஏதாவது ஒரு கல்விக்கூடத்தில் இருந்தாக வேண்டும், ஆகவே இங்கேயும் 14 வயது என்றுதான் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். பள்ளியையும் வேலைத்தலத்தையும் ஒரே கயிற்றின் இரு முனைகளாக அவர் கண்டார். பத்தாண்டுக்குள், அதாவது 1960க்குள், இதைச் செய்ய அரசு முயலும் என்று 45ஆம் கூறு சொன்னது. கல்வி அடிப்படை உரிமையாக 2002 ஆனது. அதற்கான சட்டம் 2009இல் வந்தது. இந்தத் தாமதத்துக்கு அரசுக்கு யாரும் அபராதம் போடவில்லை. 2002இன் அதே திருத்தம் பெற்றோரின் அடிப்படைக் கடமை என்று ஒன்றையும் சேர்த்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் 2009 சட்டத்தின் 10ஆம் பிரிவு பெற்றோரின் கடமையைச் சொன்னாலும் தண்டனை எதையும் வைக்கவில்லை. அந்த அளவுக்கு அது நல்ல சட்டம்.

இடையில் தமிழ்நாட்டில் நடந்த ஒரு கூத்தையும் நினைவில் வைப்போம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமப் பிள்ளைக்குப் பள்ளி மூன்று மணி நேரம். மீதி நேரம் அப்பன் தொழில். அரசே பாதிநாள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பியது! வெட்டியானின் மகன் எங்கே போய் எதைக் கற்பான் என்று மக்கள் கேட்டார்கள். குலக்கல்வி என்று பெயர் வைத்து அதை விரட்டினார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது போயிற்று. விருதுநகர்க்காரரான அவர் அபராதப் பிரிவைத் தூசிதட்டி எடுக்கவில்லை. மதிய உணவு போட்டார். அதற்கும் முன்னோடி உண்டு: 1920இல், அபராதச் சட்டம் வந்த அதே ஆண்டில், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போடத் தீர்மானித்தது. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு வழிகளில் எது பள்ளியை நிரப்பியது என்று நாம் சொல்லத் தேவையில்லை.

குலக்கல்வி செத்துவிட்டது என்று நினைத்திருந்தோம். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் 'குடும்பத் தொழிலில்' பிள்ளை உதவலாம் என்று கதவு திறந்தார்கள். வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுவது குடும்பத் தொழிலா, தீப்பெட்டி ஆபீஸ்காரரின் தொழிலா? அதே திருத்தத்தில், பெற்றோர் முதல் தடவை தப்புச் செய்தால் தண்டனை இல்லை, மறுபடி செய்தால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று வைத்தார்கள். முதலாளிக்கு 20,000 முதல் 50,000 வரை, அல்லது சிறை, அல்லது இரண்டும். முதலாளியின் ஐம்பதாயிரம் அவருடைய ஒருநாள் செலவு. கூலிக்காரரின் பத்தாயிரம் அடுத்த முன்பணம். அதாவது அபராதம் கட்ட அவர் மறுபடி கடன் வாங்குவார். கடனுக்கு மறுபடி பிள்ளை போகும்.

கடைசியாக நாங்குநேரி. 2023 ஆகஸ்டில், சக மாணவர்களின் சாதிக் கொடுமை தாங்காமல் ஒரு தலித் மாணவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பதிவேட்டுக்கு அவர் வராத பையன். சட்டத்தின் கண்ணுக்கு அவர் தாய் பிள்ளையை அனுப்பாத பெற்றோர். பள்ளியிலிருந்து ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். கேட்டதால்தான் காரணம் வெளியே வந்தது. காரணத்தைச் சொன்னதற்காக அன்றிரவே வீடு புகுந்து அவரையும் தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகுதான் நீதிபதி கே.சந்துரு குழு அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. நம் மாவட்டத்தில் 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரைப் போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்ததையொட்டி ஊர்கள் எரிந்த மாதங்களில், எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற பாதை ஆதிக்கச் சாதித் தெரு வழியாக இருந்ததாலேயே வீட்டில் நின்றுபோனார்கள் என்பதை அனுபவித்த தலைமுறை இன்றும் இருக்கிறது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஆகவே மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையைக் கொடுக்கிறோம். இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டத்துப் பழைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் ஊராட்சிப் பள்ளிகளிலும் வருகைப் பதிவேடுகளும் சேர்க்கைப் பதிவேடுகளும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. தலைமையாசிரியரிடம் முறைப்படி அனுமதி கேட்டுப் பாருங்கள். பெயர் அடிக்கப்பட்ட பிள்ளைகளின் பட்டியலை, எந்த ஆண்டு, எந்த மாதம், எத்தனை பேர் என்று எடுங்கள். பிள்ளைகளின் பெயர் வெளியே போக வேண்டாம். பிறகு அந்தத் தெருவுக்குப் போய் அந்த மாதத்தில் என்ன நடந்தது என்று பாட்டிமார்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். தேனா, தீப்பெட்டியா, சூளையா, கலவரமா, சான்றிதழா என்று அவர்கள் சொல்வார்கள். அய்யனார் கோவில் அடிவாரத்திலிருந்து தொடங்கலாம். கரையான் முந்திக்கொள்வதற்குள் போக வேண்டும்.